பரணில் கிடந்த மெத்தை

வீட்டில் எந்தச் சாமான் கெட்டாலும் நமக்கு உடனே தெரிந்துவிடும். விளக்கு கெட்டால் இருட்டு. குழாய் கெட்டால் ஒழுகல். மிக்ஸி கெட்டால் அன்றைக்குச் சட்னி கிடையாது. மெத்தை ஒன்றுதான் யாருக்கும் சொல்லாமல் கெடுகிற சாமான். நாளுக்கு ஒரு நூலளவு அமுங்கிக்கொண்டே வந்து, சில வருஷங்களில் நடுவே ஒரு சின்னப் பள்ளத்தாக்கை உண்டாக்கிவிடும். காலையில் எழுந்ததும் நாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயசாகிவிட்டது" என்று பெருமூச்சு விடுகிறோம். குற்றவாளி முதுகுக்குக் கீழே சுகமாகப் படுத்திருக்கிறான்!

சென்ற மாசி மாதம் வரையில் நானும் மெத்தையைப்பற்றி இவ்வளவு யோசித்தவனல்ல. கடையில் வாங்க வேண்டியது, சில வருஷம் படுக்க வேண்டியது, பிறகு தூக்கி எறிய வேண்டியது என்பதுதான் என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர் என் தாயார்.

ஒரு செம்பு தண்ணீர்

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மாசியில் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டில் எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்ன நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு. தரையில் பாய் விரித்துப் படுக்கக் கூடாது. தாழ்ந்த கட்டிலும் உதவாது. உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று உயரத்தில் இருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். மெத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாததாக, கெட்டியாக இருக்க வேண்டும்.

எங்களிடம் இருந்தது ஒரு ஃபோம் மெத்தை. தாராள மனத்தோடு அதை அம்மாவுக்குக் கொடுத்தோம். படுத்தால் சுகந்தான், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் ஓரம் அமுங்கிச் சரிந்தது. கையை ஊன்றினால் கை புதைந்தது. இரவில் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் நானும் என் மனைவியுமாக இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

நாலைந்து நாள் கழித்து என் மனைவிதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

"என்னங்க, அத்தை சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மடக்குத் தண்ணிகூடக் குடிக்கிறதில்லை. கவனிச்சீங்களா?"

அம்மாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார்கள். பிறகு, "ராத்திரி உங்களை எழுப்பணுமேய்யா. வேலைக்குப் போற பிள்ளைங்க, தூங்க வேண்டாமா?" என்றார்கள்.

மாசி வெயிலில், மருந்து மாத்திரை விழுங்குகிற உடம்பு, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறது. ஒரு படுக்கையின் கோளாறு எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

பரணிலிருந்து ஒரு சீதனம்

புதிதாக ஒரு மெத்தை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மா சம்மதிக்கவில்லை. "பரணில் என் மெத்தை இருக்கே" என்றார்கள்.

இருந்தது உண்மைதான். அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா போடிநாயக்கனூரிலிருந்து பஞ்சு வாங்கித் தைத்துக் கொடுத்த இலவம் பஞ்சு மெத்தை. தேனி மாவட்டத்துப் போடி ஏலக்காய்க்குப் பெயர்போன ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும்; இலவம் பஞ்சுக்கும் அது பெரிய வியாபார ஸ்தலம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலிருந்து இலவங்காய் அங்கே வந்து பஞ்சாகி, மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகிறது.

ஆனால் பரணிலிருந்து இறக்கிய வஸ்துவை மெத்தை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பலகை மாதிரி தட்டையாக இருந்தது. மேல்துணி இரண்டு இடத்தில் கிழிந்து, உள்ளிருந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "குப்பை வண்டி நாளைக் காலையில் வரும்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் புறப்பட்டேன்.

மாலையில் திரும்பி வந்தபோது மெத்தை கூடத்திலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் எங்கள் தெருமுனை மெத்தைக் கடைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடுவோம். பாய் விற்காத பாய். மெத்தை மட்டுந்தான் தைப்பார். சின்ன வயதில் தோளில் வில்லைச் சுமந்துகொண்டு மதுரைத் தெருக்களில் பஞ்சு அடித்தவர். அந்த வில்லின் 'டொய்ங் டொய்ங்' சத்தத்தைக் கேட்டுக் குழந்தைகள் பின்னாலேயே ஓடுவோம். இப்போது அந்தச் சத்தம் தெருவில் கேட்பது அபூர்வமாகிவிட்டது.

பாய் மெத்தையின் கிழிசலில் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார்; முகர்ந்து பார்த்தார்; விரலால் மெல்லப் பிரித்தார். ஒரு பிடி பஞ்சு ஒரு முறம் நிறையப் பஞ்சாக மலர்ந்தது!

"தம்பி, இது கெட்டுப் போகலை. அமுங்கிப் போயிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார்.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது?

அந்த வித்தியாசத்தை அவர் சொல்லிக் கொடுத்தபடியே எழுதுகிறேன். பரணில் பழைய மெத்தை வைத்திருப்பவர்கள் எறிவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சு நனைந்து, பூசணம் பிடித்துக் கருத்திருந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம். எலி குடியிருந்து அசுத்தம் செய்த மெத்தை வேண்டவே வேண்டாம். பிரித்தால் மலராமல், கையில் மாவாக உதிர்ந்தால் அந்தப் பஞ்சுக்கு ஆயுள் முடிந்தது. தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சியும் அதன் கறுப்புப் புள்ளிகளும் தென்பட்டால், அந்த மெத்தையை வீட்டுக்குள் பிரிக்கக் கூடாது. மூட்டைப்பூச்சி இன்றும் போகவில்லை. முன்காலத்தில் அதற்கு டி.டி.டி. மருந்து அடித்தார்கள். சில வருஷங்களிலேயே அந்த மருந்துக்குச் சாகாத பூச்சிப் பரம்பரை உண்டாகிவிட்டது. அதற்கு நன்றாக அஞ்சுவது சூடு ஒன்றுக்குத்தான்.

இந்த நான்கு குறையும் இல்லையென்றால், மெத்தை வெறுமே அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பழையபடி எழுப்பிவிடலாம்.

கிளி ஏமாந்த பஞ்சு

'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும், தின்னலாம் என்று கிளி காத்திருந்ததாம். காய் முற்றி வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிட்டதாம். கிளிக்கு ஏமாற்றம், மனிதனுக்கு லாபம்.

பருத்திப் பஞ்சுக்கும் இலவம் பஞ்சுக்கும் பிறவியிலேயே வேற்றுமை உண்டு. பருத்தியில் விதையின் மேல் பஞ்சு முளைக்கிறது. இலவத்தில் காயின் உள்சுவரிலிருந்து முளைக்கிறது. விதை அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதனால் தட்டினாலே விதை உதிர்ந்துவிடும். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடான ஒரு குழாய். குழாய்க்குள் காற்று, குழாய்க்கு வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு. ஆகவே லேசில் தண்ணீர் உறிஞ்சாது, தண்ணீரில் மிதக்கும்.

இந்தக் குணத்துக்காகவே கப்பற்காரர்கள் அணியும் மிதவைச் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். உலகத்துக்கு அதிகமாக அதைக் கொடுத்துவந்தது ஜாவாத் தீவு. இரண்டாவது உலக யுத்தத்தில், 1942-ல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் பஞ்சு வரத்து நின்றுபோயிற்று. அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காடுமேடெல்லாம் திரிந்து, நம் ஊர் எருக்கஞ்செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களைப் பறித்துக் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சை அடைத்துச் சட்டை செய்தார்கள்!

ஆனால் குழாயாக இருப்பதில் ஒரு கஷ்டமும் உண்டு. இலவம் இழை எளிதில் ஒடியும். ஆகையால் பருத்தியை அடிப்பதுபோல் இதை ஓங்கி அடிக்கலாகாது. "பருத்தியை வில்லால அடிக்கணும். இலவத்தைப் பிள்ளை தலையைக் கோதுற மாதிரிக் கோதணும்" என்பது பாயின் உபதேசம்.

கொசுவலைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பாய்க்கு எங்கள் வீட்டுக்கு வந்து தைத்துக் கொடுக்கப் பார்வை போதவில்லை. "நான் சொல்றேன், நீங்க செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். பங்குனி பிறந்ததும் ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு நாள் மெத்தையை அப்படியே மொட்டை மாடி வெயிலில் போட்டோம். மதியம் ஒருமுறை புரட்டினோம். பஞ்சைத் தண்ணீரில் அலசவே கூடாது. அதற்கு வெயில்தான் வண்ணான். காய்ந்த பஞ்சு தானாகவே கொஞ்சம் உப்பிவிடும். பிரிப்பதற்கும் சுலபம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இலவம் பஞ்சைத் திறந்த வெளியில் பிரித்தால் அடுத்த தெருக்காரருக்கும் மெத்தை தைக்கலாம், அவ்வளவு பறக்கும். கூடத்தின் நடுவே பெரிய கொசுவலையைக் கட்டி, அதற்குள் மெத்தையையும் என்னையும் என் மனைவியையும் அடைத்துக்கொண்டோம். மின்விசிறி போடக் கூடாது. மூக்குக்கும் வாய்க்கும் துணி கட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: இலவம் பஞ்சு நொடியில் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் உதவாது. பங்குனி மாதத்தில், காற்றில்லாமல், வலைக்குள் மூகமூடியோடு இரண்டு பேர்! எங்கள் இல்லறத்தின் பொறுமையை அன்று பரீட்சித்துக்கொண்டோம்.

அகலப் பக்கத்தில் ஒரு தையலை மட்டும் பிரித்தோம். கட்டி கட்டியாகப் பஞ்சை எடுத்து விரலால் பிய்த்து, மெல்லிய விளாரால் மேலோடு தட்டினோம். தூசியும் இலவ விதையும் அடியில் உதிர்ந்தன. விதைகளை மிச்சம் வைக்காமல் பொறுக்கிவிட வேண்டும். எலியை வீட்டுக்கு அழைப்பவை அவைதான். நிறுத்துப் பார்த்தோம். பத்துக் கிலோவில் எட்டுக் கிலோ தேறியது. குறைந்ததற்கு ஈடாகப் பாய் கடையிலிருந்து இரண்டு கிலோ புதுப் பஞ்சு வாங்கிக் கலந்தோம். பத்துக் கிலோப் பஞ்சு கொசுவலையைப் பாதி நிரப்பிவிட்டது. அதற்குள்ளிருந்து என் மனைவியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

துணியும் தையலும்

மேல்துணி தேறாது, புதிது தைக்க வேண்டும். நெசவு நெருக்கமாக இருக்கும் கெட்டியான மெத்தைத் துணிதான் ஏற்றது. லேசான துணியென்றால் பஞ்சு இழைகள் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துணியை முதலில் நனைத்து உலர்த்தி, சுருங்க வேண்டிய மட்டும் சுருங்க விட்டுப் பிறகு வெட்ட வேண்டும்.

ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குல கனத்துக்குக் கணக்கு இது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்றாக 74 அங்குலத்துக்கு 38 அங்குலத்தில் இரண்டு துண்டு. சுற்றிலும் ஓர் அங்குலம் தையலுக்கு. பக்கத்துக்கு ஆறு அங்குல அகலப் பட்டை. அதன் நீளம் பதினெட்டு அடி. ஒட்டுத் தையலுக்குக் கையளவு கூடுதல். தையல் மெஷினில் எல்லாப் பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, அகலப் பக்கம் ஒன்றில் மட்டும் கை நுழையும்படி வாய் விட்டுவிட வேண்டும்.

அடைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் நடுவில் கொட்டி ஓரத்துக்குத் தள்ளுவார்கள். அது தப்பு. முதலில் நான்கு மூலை, அடுத்து ஓரங்கள், கடைசியில் நடு. மூலையும் ஓரமும் கட்டை மாதிரி இறுகியிருக்க வேண்டும். அம்மாவைப் போன்றவர்கள் உட்கார்ந்து எழுந்திருப்பது ஓரத்தில்தானே? இடுப்பு படுகிற இடத்தில் இரண்டு பிடி அதிகம் வைக்க வேண்டும். சீக்கிரம் அமுங்குவது அந்த இடந்தான்.

வாயைத் தைத்த பிறகு முடிச்சு. ஓரடி நீள மெத்தை ஊசியில் கெட்டியான பருத்தி நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகு தடவி, மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, சிறு துணித் துண்டை வைத்து இறுக்கி முடிய வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் ஏழு, அகலவாட்டில் மூன்று. மொத்தம் இருபத்தொரு முடிச்சு. பஞ்சை நகரவிடாமல் பிடித்து நிறுத்துபவை இவைதாம். என் விரலில் எத்தனை குத்து என்பதை நான் எண்ணவில்லை.

படுப்பவரை அளந்தாயா?

மெத்தை தயாரானதும் பழைய தேக்குக் கட்டிலில் போட்டோம். புது மெத்தை தோற்றது போங்கள்! பெருமையோடு பாயை அழைத்து வந்து காட்டினேன். அவர் மெத்தையைப் பார்க்கவில்லை.

"அம்மாவை அளந்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. கட்டிலை அளந்திருந்தேன், துணியை அளந்திருந்தேன், பஞ்சை நிறுத்திருந்தேன். அம்மாவை எதற்கு அளப்பது?

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை மட்டும் நாடா பிடிக்கச் சொன்னார். பதினாறு அங்குலம். கட்டில் உயரம் பதினான்கு; அதன்மேல் நான்கு அங்குல மெத்தை. பதினெட்டு வந்துவிட்டதே என்றேன். "ஆள் உட்கார்ந்தா?" என்றார். உட்கார்ந்தால் ஓர் அங்குலம் அமுங்கியது. பதினேழு.

டாக்டர் சொன்னதும் இதைத்தானே? முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே. மறுநாள் அந்த அளவைச் சொல்லி அவரிடமே கேட்டோம். இரண்டு அங்குலம் உயர்த்தலாம், ஆனால் பாதம் தரையைவிட்டுத் தூக்கக் கூடாது என்றார். தச்சர் நான்கு மரக்கட்டைகள் செய்து கொடுத்தார். மூன்று அங்குல உயரம். மேலே கட்டில் கால் உட்காரும்படி ஓர் அங்குல ஆழத்துக்குக் குழி. ஆக, இரண்டு அங்குலம் உயர்வு. குழியில்லாத வெறும் கட்டையையோ செங்கல்லையோ முட்டுக் கொடுக்கவே கூடாது. கால் நழுவினால் இன்னோர் இடுப்பும் போய்விடும்!

ஓர் எச்சரிக்கை. அம்மாவுக்குச் சரியான அளவு இன்னொருவருக்குச் சரியாக இராது. அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். அடியோடு எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களுக்கு இலவம் பஞ்சு மெத்தை மட்டும் போதாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எந்த மெத்தையிலும் படுக்கைப் புண் வரும். அவர்களை மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு வேண்டாம்

மெத்தை தைத்த செய்தி தெருவில் பரவியதும் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். இரண்டு மாதக் குழந்தைக்காரி. "மிச்சப் பஞ்சு இருந்தால் குடுங்கண்ணே. பாப்பாவுக்கு மெத்துமெத்துன்னு ஒரு மெத்தையும் தலையணையும் தைக்கணும்" என்றாள்.

இல்லையென்று சொல்ல மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் சொன்னேன். கைக்குழந்தைக்கு மெத்துமெத்தென்ற படுக்கைதான் ஆகாது. முகம் புதைந்தால் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது, மூச்சு முட்டும். ஒரு வயது வரை தலையணை தேவையில்லை. சமதளமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பத்திரம் என்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுகமாக இருப்பது பிள்ளைக்கு ஆபத்தாக இருக்கிறது. மிச்சப் பஞ்சில் அந்தப் பெண்ணுக்கே, பால் கொடுக்கும்போது முதுகுக்கு அணையாக ஒரு திண்டு தைத்துக் கொடுத்தோம்.

மணிக்கும் ஒரு படுக்கை

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் உண்டு. வயது பதினொன்று. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே சிமெண்டுத் தரைதான் அவனுடைய பள்ளியறை. அவன் முன்னங்கால் முட்டிகளில் ரோமம் உதிர்ந்து, தோல் கறுத்துத் தடித்திருந்ததைப் பார்த்து, 'கிழட்டு நாய், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டிருந்தேன். தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர், அது தரை தந்த காய்ப்பு என்றார். மெலிந்த உடம்பும் குட்டை ரோமமும் உள்ள நாய்க்கு முட்டி எலும்பு நேராகத் தரையில் அழுந்துகிறது. விட்டால் நீர் கோத்து வீங்கவும் வீங்கும்.

அம்மாவை அளந்த கையோடு மணியையும் அளந்தேன். நாயைக் கோடையில் அளக்க வேண்டும். குளிர்காலத்தில் சுருண்டு படுத்து நம்மை ஏமாற்றிவிடும். கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு முதல் வால் அடி வரையில் அளந்து, அதோடு அரை அடி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாய்ப் படுக்கைக்கு இலவம் பஞ்சு வேண்டாம். ஒரு நாள் குஷியில் கடித்துக் கிழித்தால் வீடு முழுவதும் பஞ்சு மழை பெய்யும். இரண்டு கோணிச் சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, பழைய பருத்திப் புடவைகளை அகலமாக மடித்து உள்ளே அடுக்கி, மூன்று அங்குல கனத்துக்குத் தைத்தோம். பொத்தான், கொக்கி, ஜிப், நாடா எல்லாவற்றையும் முன்பே வெட்டிவிட வேண்டும், நாய் விழுங்கும். கையால் அழுத்தினால் தரை தட்டக் கூடாது. அதுதான் பரீட்சை.

மேலுறை இரண்டு தைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில். தெள்ளுப்பூச்சி நாயின்மேல் முட்டையிடும். ஆனால் முட்டை அங்கே தங்காமல் படுக்கையில் உதிர்ந்து பொரிக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டிப் படுக்கையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும். வாரம் ஒருமுறை மேலுறையைக் கொதிக்கும் வெந்நீரில் ஊறப்போட்டு, துவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். உண்ணி சுவர் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். அதையும் பார்த்து அடைக்க வேண்டும். படுக்கைக்குள் பாச்சை உருண்டை போடவே கூடாது. நாய்க்கும் பூனைக்கும் அது விஷம்.

பூனை வளர்ப்பவர்கள் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. ஓர் அட்டைப் பெட்டியில் பழைய புடவையை மடித்துப் போட்டு ஒரு மூலையில் வைத்தால் போதும். பூனை அதில் படுத்தாலும் படுக்கும். உங்கள் இலவம் பஞ்சுத் தலையணையில் படுத்தாலும் படுக்கும். பூனையின் சித்தத்தை யார் அறிவார்?

மறுபடி அமுங்காமலிருக்க

தைத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டால் இரண்டு வருஷத்தில் பள்ளம் மறுபடி வந்துவிடும். வாரம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை குப்புறப் புரட்ட வேண்டும். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஒரு நாளாவது வெயில் காட்ட வேண்டும். மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு துவைக்கிற விரிப்பு எப்போதும் இருக்கட்டும். அதை வெந்நீரில் துவைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் படுக்கையில் வாழ்ந்து தும்மலையும் இழுப்பையும் கொடுக்கிற தூசிப்பூச்சிகளும் ஒழியும். கட்டிலுக்கு அடியில் காற்றுப் போக வழி இருக்கட்டும். சட்டப் பலகை இடைவெளியெல்லாம் சாமான் அடைத்தால் மெத்தையின் அடிப்புறம் புழுங்கிப் பூசணம் பூக்கும்.

அம்மா அந்த மெத்தையில் படுத்த முதல் இரவு நான் தூங்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குக் கட்டில் கிறீச்சிட்டது. ஓடிப்போய் வாசற்படியில் நின்றேன். அம்மா ஒருக்களித்து, கையை மெத்தையின் ஓரத்தில் ஊன்றி உட்கார்ந்தார்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. நடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, எழுந்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும், "நீ ஏன்யா முழிச்சிருக்கே? போய்ப் படு" என்றார்கள். பயத்தால் குளியலறை வரையில் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் மணி வந்தான்.

மறுநாள் மாலை ஏழு மணி இருக்கும். அடுக்களையில் இருந்த என் மனைவியை அம்மா கூப்பிட்டார்கள்.

"ஏம்மா, அந்தச் செம்புல தண்ணி கொண்டாந்து தலைமாட்டுல வையி. தொண்டை காயுது."